கிருமிதான் காரணம்னா கொன்னுடலாமே?

என் சித்தி மகனுக்கு க்ரோன் நோய் என்று உறுதியானபோது அவனுக்கு வயது 23. அதற்கு முன்னால் ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டிருந்தான் (அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்). இப்போது எட்டு வாரத்துக்கு ஒருமுறை போய் மருந்து ஏற்றிக்கொண்டு வருகிறான். ஒரு நாள் போனில் கேட்டான்:

"அண்ணே, இது குடல்ல இருக்குற பாக்டீரியாவால வர்றதுன்னு நெட்ல போட்டிருக்கு. அப்படின்னா நல்ல ஸ்ட்ராங்கா ஒரு ஆன்டிபயாடிக் குடுத்து எல்லாத்தையும் கொன்னுட வேண்டியதுதானே? அதை விட்டுட்டு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்தை ஏன் ஏத்துறாங்க? கிருமிக்கு இன்னும் வசதியா போயிடாதா?"

நான் டாக்டர் இல்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். அவன் கேட்டதற்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு மூன்று மாதம் படித்ததில் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். சிகிச்சையை மாற்றுவதற்காக அல்ல; நடப்பது என்ன என்று தெரிந்துகொள்வதற்காக.

முதலில் நோயைப் பற்றி

க்ரோன் என்பது குடலில் வரும் நாட்பட்ட அழற்சி. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். ஆனால் அதிகமாக வருவது சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற இடத்தில். புண், வலி, பேதி, எடை குறைதல், சில பேருக்குக் குடல் சுருங்கி அடைப்பு. கொஞ்ச காலம் அடங்கும், பிறகு திரும்ப வரும். 1932-ல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இதற்குப் பெயர் வாங்கித் தந்தது. அகர வரிசைப்படி க்ரோன் பெயர் முதலில் இருந்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

'ஆட்டோஇம்யூன்', அதாவது உடம்பு தன்னையே தாக்குகிற நோய் என்றுதான் பொதுவாக இதைச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது அவ்வளவு சரியில்லை. இங்கே எதிர்ப்பு சக்தி கோபப்படுவது முக்கியமாகக் குடலுக்குள் இருக்கிற நுண்ணுயிர்கள் மேல்தான். நடுவில் அடிபடுவது குடல் சுவர்.

இது எப்படித் தெரியும்? அங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு ஆராய்ச்சி வருகிறது.

லூவன் நகரத்து ஐந்து பேர்

க்ரோன் முற்றிப்போனால் கெட்டுப்போன குடல் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். பிரச்சினை என்னவென்றால், நோய் அந்தத் தையலுக்குச் சற்று மேலேயே திரும்ப வரும். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ருட்கீர்ட்ஸ் குழு இப்படி அறுவை செய்துகொண்ட 75 பேரை ஆறு மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தது. 53 பேருக்குப் புதிய புண். நூற்றுக்கு 71.

இன்னும் ஐந்து பேருக்கு மட்டும் தையலுக்கு மேலே குடலை வயிற்றுக்கு வெளியே எடுத்துவிட்டு, கழிவு பையில் விழும்படி தற்காலிகமாகச் செய்திருந்தார்கள். அதாவது சாப்பாடோ கழிவோ பாக்டீரியாவோ எதுவும் தையல் போட்ட இடத்தைத் தாண்டிப் போகாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் ஐந்து பேருக்கும் அந்த இடம் சுத்தமாக இருந்தது. பிறகு குடலைத் திரும்ப உள்ளே சேர்த்து, வழியைத் திறந்துவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் ஐந்து பேருக்கும் நோய் திரும்ப வந்தது. இது 1991-ல் வெளியானது.

ஐந்து பேர்தானே என்று தோன்றலாம். ஆனால் பாருங்க, அதே ஆள், அதே மரபணு, அதே குடல். மாறியது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே ஓடுகிற ஓட்டம். ஓட்டம் நின்றால் நோயும் நிற்கிறது. ஓட்டம் வந்தால் நோயும் வருகிறது.

1998-ல் அதே லூவனில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இதே மாதிரி வழி திருப்பிவிடப்பட்ட மூன்று பேரின் பையிலிருந்து அவரவர் குடல் கழிவையே எடுத்து, ஓய்வில் இருந்த கீழ்க்குடலுக்குள் செலுத்தினார்கள். எட்டே நாளில் பயாப்ஸியில் அழற்சி தெரிந்தது. அதற்கு முன்பே, 1985-ல், ஆக்ஸ்ஃபோர்டில் செய்த சோதனையில் கழிவை மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து, பாக்டீரியா போகாத வெறும் திரவத்தை மட்டும் செலுத்தியபோது அந்த எதிர்வினை வரவில்லை.

எலியிலும் இதே கதைதான். இன்டர்லூகின்-10 என்றொரு பொருள் உடம்பில் இருக்கிறது. எதிர்ப்பு சக்தியிடம் 'போதும், நிறுத்து' என்று சொல்கிற சமிக்ஞை அது. அதற்கான மரபணுவை நீக்கிய எலிகளுக்குத் தானாகவே குடல் அழற்சி வந்தது, இது 1993. அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்துப் பார்த்தார்கள், 1998-ல். நோய் வரவில்லை. மரபணுக் குறை அப்படியே இருக்கிறது, கிருமி மட்டும் இல்லை, நோயும் இல்லை.

ஆக, தம்பி நெட்டில் படித்தது தப்பில்லை. நுண்ணுயிர் இல்லாமல் இந்த நோய் இல்லை.

சரி, எந்தக் கிருமி?

இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கும் மேலாகப் பதில் தேடுகிறார்கள். க்ரோனுக்கும் முன்பே, 1913-ல், கிளாஸ்கோவைச் சேர்ந்த கென்னடி டால்சீல் என்ற அறுவை மருத்துவர் இந்த நோயை விவரித்திருக்கிறார். மாடுகளுக்கு யோனே நோய் என்று ஒரு குடல் நோய் வரும். காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரக் கிருமி ஒன்று அதற்குக் காரணம். மனிதக் குடலில் தான் பார்த்தது அச்சு அசல் அதே மாதிரி இருக்கிறதே என்று டால்சீல் கவனித்தார். ஆனால் கிருமியைக் காண முடியவில்லை.

1984-ல் சில க்ரோன் நோயாளிகளின் குடலிலிருந்து அந்த மாட்டுக் கிருமியையே பிரித்தெடுத்தபோது பெரிய பரபரப்பு. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று பலர் நம்பினார்கள். அப்படியானால் அந்தக் கிருமிக்கான மருந்து கொடுத்தால் நோய் போக வேண்டுமே? ஆஸ்திரேலியாவில் 213 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு அந்தக் கிருமியை அழிக்கும் மூன்று ஆன்டிபயாடிக் சேர்த்து இரண்டு வருஷம். மறு பாதிக்குப் பொய் மாத்திரை. எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஸ்டீராய்டும் உண்டு. முதல் 16 வாரத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்கள் கொஞ்சம் நன்றாக இருந்தார்கள். அதற்குப் பிறகு நிலைக்கிற மாதிரி எந்தப் பலனும் இல்லை. 2007-ல் முடிவு வந்தது.

இந்த இடத்தில் நம்ம ஊர் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடலில் காசநோயும் வரும். அதுவும் அதே இடத்தில், அதே மாதிரி புண்ணோடு. பயாப்ஸியில்கூட இரண்டும் ஒன்று போலத் தெரிவதுண்டு. காசநோய் அதிகம் உள்ள நாடு என்பதால் இங்கே டாக்டர்கள் பல சமயம் முதலில் காசநோய் மருந்தைத் தொடங்கிவிட்டு, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் கொலனோஸ்கோபி செய்து பார்ப்பார்கள். புண் ஆறியிருந்தால் காசநோய். ஆறாவிட்டால் க்ரோனாக இருக்கலாம். தம்பிக்கும் அப்படித்தான் செய்யச் சொன்னார்கள். வலி கொஞ்சம் குறைந்ததும் இவன் இரண்டாவது கொலனோஸ்கோபிக்குப் போகவில்லை. 'அதான் குணமாயிட்டு வருதே' என்று இருந்துவிட்டான். க்ரோன் உள்ளவர்களுக்கும் அந்த மருந்தில் தற்காலிகமாக உடம்பு தேறுவதுண்டு, புண் மட்டும் ஆறாது. ஆறு மாதம் அப்படிப் போனது. யாருக்காவது இந்த மருந்தை ஆரம்பித்துவிட்டு 'மறுபடி குழாய் விட்டுப் பார்க்கணும்' என்று சொல்லியிருந்தால், தயவுசெய்து அதைத் தள்ளிப்போடாதீர்கள். காசநோயைக் க்ரோன் என்று நினைத்து எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் அது இன்னும் ஆபத்து. அதனால்தான் டாக்டர்கள் இந்த வரிசையில் போகிறார்கள்.

விஷயத்துக்கு வருவோம். மாட்டுக் கிருமி இல்லையென்றால் வேறு யார்? பிரான்ஸில் ஒரு குழு, குடல் செல்லில் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழையத் தெரிந்த ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியாவைப் பிடித்தது. 2004-ல் அவர்கள் சொன்ன கணக்கு: நாட்பட்ட க்ரோன் புண்களில் சுமார் 22 சதவீதத்தில் இருந்தது, நோய் இல்லாதவர்களில் 6 சதவீதத்தில் இருந்தது. வித்தியாசம் இருக்கிறதுதான். ஆனால் நோயாளிகளில் முக்கால்வாசிப் பேரிடம் அது இல்லை, நோயில்லாத சிலரிடமும் இருக்கிறது. 'இவன்தான் செய்தான்' என்று இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

இன்னொரு பக்கம், இருக்க வேண்டிய ஆள் காணாமல் போனதையும் கண்டுபிடித்தார்கள். ஃபீகலிபாக்டீரியம் ப்ராஸ்னிட்சி என்று ஒரு பாக்டீரியா. ஆரோக்கியமானவர்கள் குடலில் ஏராளமாக இருக்கும். நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தைக் கொண்டு பியூட்ரேட் என்ற அமிலத்தை உண்டாக்கும். பெருங்குடலின் உள்தோல் செல்களுக்கு முக்கியமான சாப்பாடே அந்தப் பியூட்ரேட்தான். அழற்சியை அடக்கும் வேலையும் அதற்கு உண்டு. 2008-ல் வந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், அறுவையின்போது குடலில் இந்தப் பாக்டீரியா குறைவாக இருந்தவர்களுக்கு நோய் திரும்ப வருவது அதிகமாக இருந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்தப் பாக்டீரியா குறைந்ததால் அழற்சி வந்ததா, அழற்சி வந்ததால் இது குறைந்ததா? இதற்கு ஆக்சிஜன் ஆகாது. அழற்சி வந்த குடலில் ஆக்சிஜன் கூடும், பேதி அடித்துக்கொண்டு போகும், அதை விரும்புகிற ஈ.கோலை பெருகும். வீடு எரிந்த இடத்தில் காக்காய் நிறைய உட்கார்ந்திருந்தால், காக்காய்தான் தீ வைத்தது என்று சொல்ல முடியுமா? 'இந்த நோயாளிகளின் குடலில் இது கூடியிருக்கிறது, அது குறைந்திருக்கிறது' என்று வருகிற செய்திகளில் பாதிக்கு மேல் இந்தக் காக்காய்க் கணக்குதான். லூவன் ஆராய்ச்சி எனக்கு ஏன் பிடிக்கிறது என்றால் அது எண்ணிப் பார்த்ததோடு நிற்கவில்லை. நிறுத்திப் பார்த்தது, திறந்துவிட்டும் பார்த்தது.

நாயும் தெருவும்

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்பது 2016-ல் வந்த மதிப்பீடு. நம்முடைய சொந்த செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. (பாக்டீரியா பத்து மடங்கு அதிகம் என்று இன்னும் எழுதுகிறார்களே, அது பழைய கணக்கு.) இவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில். இவ்வளவு கூட்டத்துக்கும் நம் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செல் தடிமன் உள்ள தோலும், அதன் மேலே வழவழப்பான ஒரு கோழைப் படலமும். பெருங்குடலில் அந்தப் படலத்தின் உள் அடுக்கில் ஆரோக்கியமானவருக்குப் பாக்டீரியா அநேகமாக இருக்காது.

இதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். நெரிசலான தெருவை ஒட்டி ஒரு வீடு. வீட்டில் ஒரு காவல் நாய். காம்பவுண்டு சுவர் ஒழுங்காக இருக்கிறவரை, தெருவில் யார் போனாலும் நாய் படுத்தே இருக்கும். சுவர் இடிந்து, போகிறவர் வருகிறவர் எல்லாம் உள்ளே எட்டிப்பார்க்க ஆரம்பித்தால்? அல்லது நாய்க்கு ஆள் அடையாளமே தெரியாமல் போனால்? ராத்திரி பகலாகக் குரைக்கும், பாயும், வீட்டுச் சாமானையே உடைக்கும். தெருவில் போனவர்களில் யாருமே திருடனாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இது வெறும் உவமை இல்லை. 2001-ல் க்ரோனோடு தொடர்புள்ளது என்று முதன்முதலாகக் கண்டுபிடித்த மரபணு நாட்-2. அதன் வேலையே பாக்டீரியா சுவரின் ஒரு துணுக்கை அடையாளம் காண்பதுதான். ஆள் அடையாளம் தெரியாத நாய்! ஆனால் அதுவே முழுக் கதையும் இல்லை. அந்த மரபணுவில் மாற்றம் உள்ள வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோருக்கு க்ரோன் வருவதே இல்லை. நம்ம பக்கம் இன்னும் வேறு மாதிரி. வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் இந்திய க்ரோன் நோயாளிகளிடம் தேடிப் பார்த்து, ஐரோப்பாவில் சகஜமாகக் காணப்படும் அந்த நாட்-2 மாற்றங்கள் இங்கே இல்லை என்று 2008-ல் எழுதினார்கள். அதே நோய், வேறு மரபணு வழி.

மரபணு மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு ஆதாரம் கனடாவிலிருந்து. ஒன்டாரியோ மாகாணத்தில் குடியேறியவர்களைப் பற்றி 2015-ல் வந்த ஆய்வில், தெற்காசியாவிலிருந்து போனவர்களின் அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு, இந்த வகைக் குடல் அழற்சி வருகிற வாய்ப்பு உள்ளூர்ப் பிள்ளைகள் அளவுக்கே இருந்தது. வளர்ந்த பிறகு குடியேறியவர்களுக்கு அவ்வளவு இல்லை. ஒரே தலைமுறையில் மரபணு மாறாது. மாறியது சாப்பாடு, தண்ணீர், மருந்து, சின்ன வயதில் பழகிய கிருமிகள். அதாவது தெருவே மாறிவிட்டது.

கொன்னா என்ன, ஊத்தினா என்ன?

இப்போது தம்பி கேள்விக்கு நேராக வரலாம். தெருவில் போகிறவர்கள் எல்லோரையும் சுட்டுவிட்டால் நாய் குரைக்காதே?

லூவன் குழுவே அதையும் செய்து பார்த்தது. 1995-ல், அறுவை செய்துகொண்ட 60 பேரில் ஒரு பகுதிக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை மூன்று மாதம் கொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் நோய்க்குறிகள் திரும்பியது மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம், எடுக்காதவர்களில் 25 சதவீதம். அருமையான முடிவுதான். ஆனால் மூன்றாம் வருஷத்தில் 30-ம் 50-ம். உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. மருந்தை நிறுத்தினால் தெருவில் திரும்பக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அந்த மருந்தை வாழ்நாள் முழுக்கச் சாப்பிடவும் முடியாது. கை கால் நரம்புகளைப் பாதிக்கும். போதாததற்கு, 2014-ல் புதிதாகக் க்ரோன் கண்டறியப்பட்ட 447 குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஆன்டிபயாடிக் எடுத்திருந்தவர்களின் குடலில் நுண்ணுயிர்ச் சீர்குலைவு இன்னும் மோசமாகத்தான் இருந்தது. கெட்டவனோடு சேர்ந்து நல்லவனும் போய்விடுகிறான். சீழ்க்கட்டி மாதிரி சிக்கல்களுக்கு ஆன்டிபயாடிக் இன்றும் தேவை. நோயையே ஒழிக்க அது வழி இல்லை.

சரி, நல்லவனை உள்ளே அனுப்பலாமா? சித்தியிடம் தெரிந்தவர்கள் எல்லோரும் புரோபயாடிக் பாக்கெட் பெயராகச் சொல்கிறார்கள். ஒரு பாக்கெட் 40 ரூபாய், தினமும் இரண்டு. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டியில், க்ரோனுக்குப் புரோபயாடிக்கை ஆராய்ச்சிக்கு வெளியே பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. இதுவரை வந்த ஆதாரம் அவ்வளவுதான். தயிர் பிடித்தால் தாராளமாகச் சாப்பிடலாம். அது சாப்பாடு, மருந்து இல்லை.

ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களை எடுத்து நோயாளிக்குச் செலுத்துகிற சிகிச்சையும் இருக்கிறது. முகம் சுளிக்காதீர்கள். சி.டிஃபிசில் என்ற ஒற்றைக் கிருமியால் திரும்பத் திரும்ப வரும் பேதிக்கு அது அபாரமாக வேலை செய்கிறது: 2013-ல் வந்த நெதர்லாந்து ஆய்வில் 16 பேரில் 15 பேர் குணமானார்கள். க்ரோனுக்கு உறவான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயில், 2017-ல் ஆஸ்திரேலியாவில் 41 பேரில் 11 பேருக்குத்தான் எதிர்பார்த்த பலன்; போலிச் சிகிச்சை பெற்ற 40 பேரில் 3. கொஞ்சம் உதவுகிறது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. காரணம் இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். முதல் நோயில் திருடன் ஒருவன் இருந்தான். இங்கே சுவரும் நாயும் அல்லவா பிரச்சினை.

கடைசியாக, என்னைத் தலைகீழாகப் புரட்டிப்போட்ட ஒன்று. க்ரோன் வந்த குழந்தைகளுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் வேறு சாப்பாடே இல்லாமல், சத்து முழுவதும் கலந்த திரவ உணவு மட்டும் கொடுப்பார்கள். பத்தில் எட்டுக் குழந்தைகள் வரை நோய் அடங்குகிறது, ஸ்டீராய்டு இல்லாமலே. அப்படியானால் அவர்கள் குடலில் நல்ல பாக்டீரியா பெருகியிருக்கும் என்றுதானே நினைப்போம்? கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2014-ல் பார்த்தது நேர்மாறு. நாம் மேலே புகழ்ந்த அந்த ப்ராஸ்னிட்சியும் பியூட்ரேட்டும் குறைந்தன. குழந்தை மட்டும் தேறிக்கொண்டே வந்தது. 'நல்ல பாக்டீரியா கூடினால் சுகம், குறைந்தால் நோய்' என்ற கணக்கு அங்கேயே உடைந்துபோகிறது. தெருவில் நடமாட்டமே குறைந்ததால் நாய் சற்றுக் கண்ணயர்ந்து, அதற்குள் சுவர் ஆறியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். குடல் நுண்ணுயிர் பரிசோதனை என்று ஆன்லைனில் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு, கலர் கலராக அறிக்கை தருகிறவர்களை நான் நம்பாததற்கு இந்த ஒரு ஆய்வு போதும்.

தம்பிக்குச் சொன்னது

மூன்று மாதம் கழித்து அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கிருமி காரணம்தான்டா. ஆனா குற்றவாளி இல்ல. உன் தெருவுல போறவங்கள மொத்தமா ஒழிக்க முடியாது, ஒழிச்சா நீயும் நல்லா இருக்க மாட்ட. அதனால இப்போதைக்கு நாயைக் கட்டி வெக்கிறாங்க. சுவர் ஆறணும்னா அது முதல்ல அமைதியாகணும். நீ ஏத்திக்கிற மருந்து அதுக்குத்தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அதான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி காசநோய் டெஸ்ட் எடுத்தாங்களா? நாயைக் கட்டினா நிஜத் திருடன் வந்துடுவான்னு?" என்றான். அதேதான். உள்ளே பதுங்கியிருக்கும் காசநோய் அந்த மருந்தில் கிளம்பிவிடும் என்பதால்தான் அந்த டெஸ்ட். நான் சொல்லாமலே பிடித்துவிட்டான்.

பக்கத்தில் சித்தி இருந்திருக்கிறார்கள் போல. போனை வாங்கி, "அவன் ஹாஸ்டல்ல கண்டதையும் சாப்பிட்டதாலதான வந்துச்சு? நான் அவனை அங்க சேர்த்திருக்கவே கூடாது" என்றார்கள். ஒரு வருஷமாக மனதில் வைத்திருந்திருக்கிறார்கள்.

இல்லை சித்தி. ஒரு ஹோட்டல் புரோட்டாவோ ஒரு ஹாஸ்டல் சாம்பாரோ இதைக் கொண்டுவராது. பிறக்கும்போதே வந்த மரபணு, சின்ன வயதில் பழகிய கிருமிகள், சாப்பிட்ட மருந்துகள், வளர்ந்த ஊர் என்று பல நூல் சேர்ந்து முறுக்கிய கயிறு இது. அதில் ஒரு நூலையும் நீங்கள் வேண்டுமென்று போடவில்லை. அவன் கையில் இருந்த ஒரே நூல் சிகரெட். அது க்ரோனை மோசமாக்கும் என்பது நன்றாகவே நிரூபணமான விஷயம். அதை விட்டு எட்டு மாதம் ஆகிறது.

புரோபயாடிக் பாக்கெட்டை நிறுத்திவிட்டார்களாம். மாதம் 2,400 ரூபாய் மிச்சம்.